58 வயசு, காரைக்குடி: நடிக்க வாய்ப்பு கேட்டு போட்டோ அனுப்பியும் ஆடிஷனுக்குக் கூப்பிடலைன்னா

ஸ்டுடியோ போட்டோவை நிறுத்திட்டு, ஒரு நிமிஷ அறிமுக வீடியோ அனுப்புங்க. உங்க 58 வயசு தடையா இருக்காது. அப்பா, பெரியப்பா வேடத்துக்கு அந்த வயசுதான் வேணும். சாயம் பூசின தலையும் ஃபில்டர் போட்ட முகமும்தான் பெரும்பாலும் இடிக்கும். நரையை அப்படியே விடுங்க.

போன் கண் மட்டத்தில், படுக்கைவாட்டில் இருக்கட்டும். வளவு (வீட்டு முற்றம்) வெளிச்சம் முகத்தில் விழணும். முதுகுக்குப் பின்னால் இருந்தா முகம் கறுத்துடும். பெயர், வயசு, உயரம், ஊர் சொல்லி, ரெண்டு பக்கமும் திரும்பிக் காட்டுங்க. அப்புறம் நாலு வரி வசனம், உங்க ஊர்ப் பேச்சிலேயே. அதை மாத்தவே மாத்தாதீங்க, உங்க பலமே அதுதான்.

அனுப்புமுன் கண்ணை மூடிக் குரலை மட்டும் கேளுங்க. எதிரொலிச்சா, துணிமணி நிறைஞ்ச சின்ன அறையில் மறுபடி எடுங்க.

பக்கத்து ஊர் கானாடுகாத்தானில் நடக்கிற ஷூட்டிங்கில் கூட்டத்தோட நிக்கிறது அனுபவம்தான், வசன வேடத்துக்கு உத்தரவாதமில்லை. வாய்ப்புக்கு முன்பணம் கேட்டா ஒரு பைசா கொடுக்காதீங்க.