சர்க்கரை நோயுள்ள அம்மாவுக்கு முழங்கால் ஊசி

வணக்கம். முழங்கால் தேய்மானத்தால் மாடிப்படி ஏற முடியாமல் தவிக்கும் தங்கள் அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போடலாமா, விலை கூடிய ஜெல் ஊசி போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவருக்குச் சர்க்கரை நோயும் இருப்பதாகக் குறிப்பிட்டிருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்டீராய்டு ஊசிக்குப் பின் சில நாள்கள், சிலருக்கு ஒரு வாரம் வரை, இரத்தச் சர்க்கரை ஏறக்கூடும். ஆகவே வீட்டில் தினமும் குளுக்கோமீட்டரில் பார்ப்பதோடு, மருந்தளவை மாற்ற வேண்டுமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூட்டுக்குள் இருக்கும் அழற்சியைத் தணிப்பதால் வலி விரைவில் குறையும் என்றாலும், அந்த நிம்மதி பெரும்பாலும் சில வாரங்களுக்கே நீடிக்கும். அந்த வாரங்களை வீணாக்காமல் தொடைத் தசைப் பயிற்சியைத் தொடங்கிவிடச் செய்யுங்கள். நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று ஊசியைத் தொடர வேண்டாம். 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 2 ஆண்டுகள் அவ்வாறு போட்டுக்கொண்டவர்களுக்கு, உப்புநீர் ஊசி பெற்றவர்களைவிடக் குருத்தெலும்பு அதிகம் தேய்ந்தது; வலியிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

ஹயலுரானிக் அமிலம் எனப்படும் ஜெல் ஊசியின் சராசரிப் பலன் சிறியது. அதற்காகக் கடன் வாங்காதீர்கள். ஊசிக்குப் பின் காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்கினால், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.