ஃபோர் வீல் போட்டால் ஸ்டியரிங் இறுகுகிறதா? ட்ரான்ஸ்பர் கேஸை உடனே மாற்றாதீர்கள்

கேள்வி: தாத்தா 1994-ல் வாங்கிய மகிந்திரா எம்.எம்.540 ஜீப், அவர் இறந்த பிறகு எட்டு வருடமாகத் தோட்டத்து ஷெட்டில் நின்றது. நானும் உள்ளூர் மெக்கானிக் ஒருவரும் வீட்டிலேயே வேலை பார்த்து இன்ஜினை ஓட வைத்துவிட்டோம். வாசலில் உள்ள சிமென்ட் தளத்தில் ஃபோர் வீல் போட்டு வட்டமடித்தால் ஸ்டியரிங் இறுகுகிறது, வண்டி முட்டி முட்டி நிற்கிறது. ட்ரான்ஸ்பர் கேஸ் (இன்ஜின் இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) போய்விட்டது, மாற்ற 35,000 ஆகும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிட்டு போடிமெட்டு வரை டெஸ்ட் டிரைவ் போகலாமா? ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) காலாவதியாகிவிட்டது. வண்டியைக் காட்டாமலே புதுப்பித்துத் தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார். அவரை நம்பலாமா?
(வாசகர், போடிநாயக்கனூர்)

பதில்: அந்த 35,000 ரூபாயை இப்போதைக்கு வெளியே எடுக்காதீர்கள். நீங்கள் சொன்ன அறிகுறியை மட்டும் வைத்து ட்ரான்ஸ்பர் கேஸ் போய்விட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. நல்ல நிலையில் இருக்கும் எம்.எம்.540-ஐயும் சிமென்ட் தளத்தில் ஃபோர் வீல் போட்டு வளைத்துப் பாருங்கள், அதுவும் அப்படித்தான் முரண்டு பிடிக்கும்.

காரணம் எளிது. வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின் சக்கரங்கள் சின்ன வட்டத்திலும் ஓடுகின்றன. அதனால் முன் சக்கரங்கள் கூடுதல் தூரம் உருள வேண்டும். உங்கள் ஜீப்பில் ஃபோர் வீல் போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்கின்றன. அந்த வித்தியாசத்தைச் சமாளிக்க, இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. மண்ணிலும் சேற்றிலும் டயர் லேசாகச் சறுக்கிக்கொடுப்பதால் ஒன்றும் தெரியாது. சிமென்ட்டிலும் தாரிலும் சறுக்க வழியில்லாததால் அந்த முறுக்கு ஷாஃப்டிலும் பல்சக்கரத்திலும் ஏறி நிற்கிறது. உங்கள் கைக்கு வருவது அந்த முறுக்குதான். அங்கேயே திரும்பத் திரும்ப வட்டமடித்தால் நன்றாக இருக்கிற ட்ரான்ஸ்பர் கேஸும் உண்மையிலேயே போய்விடும். இன்றோடு நிறுத்துங்கள்.

உறுதி செய்துகொள்ள, நாலு டயரும் ஒரே அளவா, ஒரே மாதிரி தேய்ந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பின்னால் புது டயரும் முன்னால் மொட்டை டயரும் போட்டிருந்தால் நேராகப் போகும்போதே முறுக்கு ஏறும். முன் சக்கரத்தின் நடுவில் கையால் திருகும் லாக்கிங் ஹப் இருந்தால் இரண்டு பக்கமும் லாக்கில் இருக்க வேண்டும். ஒன்று லாக்கிலும் இன்னொன்று ஃப்ரீயிலும் இருப்பதைப் பழைய வண்டிகளில் அடிக்கடி பார்க்கிறோம். பிறகு உங்கள் தோட்டத்திலேயே சமமான, பொலபொலவென்ற மண் உள்ள இடத்தில் ஃபோர் வீல் போட்டு நடை வேகத்தில் நேராக ஓட்டுங்கள், அப்புறம் மெதுவாக வளையுங்கள். லீவர் தானாக வெளியே குதிக்கிறதா, கடகடவென்று சத்தம் சீராக வருகிறதா, கேஸிலிருந்து வடித்த எண்ணெயில் இரும்புத் துணுக்குகள் பளபளக்கின்றனவா என்று கவனியுங்கள். இவை இருந்தால் கேஸைத் திறக்கப் பேசலாம். திரும்ப டூ வீலுக்கு மாற்றும்போது லீவர் வராமல் அடம்பிடித்தால் இரண்டடி ரிவர்ஸ் எடுங்கள், முறுக்கு இறங்கி வந்துவிடும். அதற்காக லீவரைச் சுத்தியலால் தட்டுகிறவர்களை வண்டிப் பக்கமே விடாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின் சக்கரங்களை மட்டும் ஜாக்கியில் தூக்கிவிட்டு, ஃபோர் வீல் போட்டு, கியரில் விட்டு ஓட்டிப் பார்க்கும் பழக்கம் பல ஷெட்டுகளில் இருக்கிறது. தரையில் இருக்கும் முன் சக்கரம் பிடித்து இழுத்தால் வண்டி ஜாக்கியை விட்டுப் பாய்ந்துவிடும். எதிரில் நிற்பவருக்கு ஒதுங்க நேரமிருக்காது.

இப்போது போடிமெட்டுக்கு வருவோம். 17 கொண்டை ஊசி வளைவு உள்ள மலைப் பாதையில், எட்டு வருடம் நின்ற வண்டியை, அதுவும் முதல் ஓட்டமாக எடுத்துப் போகக் கூடாது. இன்ஜின் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பிரேக்கைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. என் கவலை முழுவதும் அங்கேதான். இன்ஜின் பாதியில் நின்றால் ஓரங்கட்டிவிட்டுப் பஸ் பிடித்து வரலாம். இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் செய்வதற்கு அதிகம் இல்லை.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிப்பதற்குக் குறைந்தது 205 டிகிரி சூடு வேண்டும். ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். மலை இறங்கும்போது தொடர்ந்து பிரேக் மிதித்தால் அந்தச் சூடு சாதாரணமாக வரும். ஆயில் கொதித்துக் குமிழி கட்டினால் பெடல் பஞ்சு மாதிரி தரையோடு போய்விடும். அதே ஈரம், ஒவ்வொரு சக்கரத்திலும் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டருக்குள் துரு பிடிக்க வைத்து பிஸ்டனை இறுக்கிவிடும். ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ஊதி அடைத்திருக்கும். பெடலை விட்ட பிறகும் ஒரு சக்கரம் மட்டும் பிடித்துக்கொண்டே இருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அதனால் நாலு டிரம்மையும் கழற்றச் சொல்லி நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். வீல் சிலிண்டரின் இரண்டு முனையிலும் ரப்பர் மூடி இருக்கும். நகத்தால் அதை லேசாக விலக்கினால் உள்ளே காய்ந்திருக்க வேண்டும். ஈரம் தட்டினாலே கசிவுதான், ‘கொஞ்சம்தான் சார், ஓடும்’ என்ற பேச்சை ஏற்காதீர்கள். சிலிண்டர் கிட், எல்லா ஹோஸ்களும், புது ஆயில், இவற்றை மாற்ற அந்த 35,000-ல் ஒரு பகுதியைத் தாராளமாகச் செலவழிக்கலாம். பழைய ஜீப்புகளில் பலவற்றில், பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒரே அறை கொண்டது. எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் சேர்ந்து போய்விடும். உங்களுடையது எது என்று பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் மாட்டிய பிறகு, பெடலை நன்றாக அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் வண்டி ஷெட்டை விட்டு நகரக் கூடாது.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அந்த வயது டயரோடு மலை ஏற வேண்டாம். டேங்கில் கிடக்கும் பழைய டீசலை வடித்துவிடுங்கள். இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப் கேபிள் இழுத்ததும் நிறுத்துகிறதா என்று பாருங்கள்.

ஓட்டிப் பார்ப்பதைத் தோட்டத்துக்குள் தொடங்குங்கள். நடை வேகத்தில் போய் நிறுத்துங்கள், மறுபடி போய் நிறுத்துங்கள். சில நிறுத்தங்களுக்குப் பிறகு இறங்கி ஒவ்வொரு டிரம் மீதும் சில சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். மூன்று சும்மா இருக்க, ஒன்றில் மட்டும் சுரீரென்று ஆவி வந்தால் அந்தச் சக்கரம் பிடிக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்து கிடந்தால் அது வேலையே செய்யவில்லை. இது நேரான பிறகு, காகிதங்களும் சரியான பிறகு, சமதளச் சாலைக்கு வாருங்கள். நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் உதறினால் வீல் பேலன்ஸ் மட்டும் செய்துவிட்டுப் பணம் வாங்குவார்கள். டை ராடு முனைகளையும் கிங் பின் பேரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். மலைக்கு இவையெல்லாம் முடிந்த பிறகுதான் போக வேண்டும். முதல் முறை இரண்டு மூன்று வளைவு ஏறி, திரும்பி, ஏறிய அதே கியரில் இறங்குங்கள்.

தோட்டத்துக்குள் என்று சொல்லும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில்தான் எல்லோரும் தவறாக நினைக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சொல்வது பொது இடத்தில் ஓட்டுவதற்கு. பதிவு விஷயத்தில் அதே சட்டம் பொது இடம் மட்டுமல்ல, வேறு எந்த இடத்திலும் என்கிறது, அதனால் உங்கள் சொந்த நிலத்துக்குள் சோதித்துப் பார்ப்பதற்கு முன்பும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். பொது இடம் என்றால் தார் ரோடு மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். பொதுமக்களுக்குப் போக உரிமையுள்ள எந்தப் பாதையும் பொது இடம்தான், முட்டுச் சந்தாக இருந்தாலும் சரி. உங்கள் பட்டாவுக்குள் கேட் போட்டு, உங்கள் அனுமதி இல்லாமல் யாரும் வர முடியாத பாதை என்றால் அது பொது இடம் ஆகாது. இரண்டு தோட்டத்துக்கு நடுவே ஓடும் வண்டிப்பாதை, பக்கத்து ஊர் ஜனங்கள் கோயிலுக்கு நடக்கும் தடம், ஓடைப் புறம்போக்கு, இவை உங்கள் நிலத்தை ஒட்டியே இருந்தாலும் உங்கள் நிலம் ஆகாது. ‘தாத்தா காலத்திலிருந்து நாங்கள்தான் ஓட்டுகிறோம்’ என்பது கோர்ட்டில் நிற்காது. அங்கே ஒருவர் மேல் வண்டி ஏறிவிட்டால் அபராதம் சின்ன விஷயம். இன்ஷூரன்ஸ் இல்லாத நிலையில் தீர்ப்பாயம் சொல்லும் இழப்பீட்டை உங்கள் குடும்பம்தான் கட்ட வேண்டியிருக்கும். ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் விடிவதற்கு முன்பே நடக்கிற ஊர் உங்களுடையது. அதை மனதில் வைத்துப் பாதையைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து அந்தப் புரோக்கர். வண்டியைக் காட்டாமல் புதுப்பித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், பரிசோதிக்காத வண்டிக்குப் பரிசோதித்ததாகக் காகிதம் தருகிறேன் என்று அர்த்தம். நாளை விபத்தில் அந்தக் காகிதத்தோடு நிற்கப் போவது நீங்கள், அவர் இல்லை. இன்னொரு கூட்டம் ‘15 வருஷம் தாண்டிவிட்டது, இனி ஸ்கிராப்தான்’ என்று பயமுறுத்தி அடிமாட்டு விலைக்குக் கேட்கும். 10 வருட டீசல், 15 வருட பெட்ரோல் என்ற தடை டெல்லியையும் அதைச் சுற்றிய பகுதியையும் குறித்த விவகாரம். தமிழ்நாட்டில் தகுதியான சொந்த உபயோக வண்டிக்கு 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். மூன்றாவது வகையினர் ஆர்.சி. புத்தகத்தை மட்டும் விலைக்குக் கேட்பார்கள். தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். பழைய ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணை வேறொரு வண்டியில் வெட்டி, அதை உங்கள் தாத்தா பெயரில் ஓட விடுவார்கள்.

சேஸிஸ் எண் என்றதும், பெயின்ட் வேலைக்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியின் அடிப்பகுதி இரும்புச் சட்டத்தில் (சேஸிஸ்) அந்த எண் எங்கே பஞ்ச் ஆகியிருக்கிறது என்று தேடி, துருவைக் கைத்தூரிகையால் மட்டும் துடைத்து, மேலே காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து ஒரு பிரதி எடுத்து வையுங்கள். டிங்கரிங் செய்பவர் கிரைண்டர் வைத்தால் அரை நிமிடத்தில் எண் போய்விடும். அப்புறம் அந்த வண்டி உங்களுடையதுதான் என்று நிரூபிக்க நடையாய் நடக்க வேண்டும்.

ஆர்.சி. இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் பெயர் மாற்றம்தான் முதல் வேலை, ஃபார்ம் 31. இறப்புச் சான்றிதழும் வாரிசு சான்றிதழும் வேண்டும், அப்பாவோடு அத்தை, சித்தப்பா இருந்தால் அவர்களின் சம்மதமும் வேண்டும். பதிவைப் புதுப்பிக்க ஃபார்ம் 25. கட்டணத்தைப் பாருங்கள்: 2022 ஏப்ரலில் 15 ஆண்டு கடந்த காருக்கு 600-லிருந்து 5,000 ஆக்கினார்கள், 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 10,000. கொடுத்துவிடலாம், அந்தப் பணத்துக்கு உரிய பரிசோதனை நடக்கிறதா என்பதுதான் எனக்கு ஆற்றாமை. நான் பார்த்தவரை எண்ணுக்குப் பென்சில் பிரிண்ட் எடுக்கிறார்கள், விளக்கைப் போடச் சொல்கிறார்கள், ஹார்ன் அடிக்கச் சொல்கிறார்கள். டிரம்மைக் கழற்றிப் பார்ப்பவர் யாருமில்லை. அதோடு, காலாவதியான ஆர்.சி.யோடு ரோட்டில் ஓட்டக் கூடாது, ஆனால் வண்டியை நேரில் கொண்டுவந்து காட்டு என்கிறார்கள். எப்படிக் கொண்டுவருவது என்பதை வண்டிக்காரரே பார்த்துக்கொள்ள வேண்டுமாம். இந்த இடைவெளியில்தான் புரோக்கர் பிழைக்கிறார். ஒரு சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு போங்கள், வாடகை போனால் போகட்டும். வரிப் பாக்கி, பசுமை வரி, தாமதக் கட்டணம் எல்லாவற்றையும் ஆபீஸ் கவுன்டரிலேயே கேட்டு எழுதி வாங்குங்கள்.

வேறு இன்ஜின் மாற்றினால் நன்றாக இழுக்கும் என்று யாராவது ஆசை காட்டினால் ஆர்.டி.ஓ. அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். இருக்கிற பெஜோ டீசல் இன்ஜினே தோட்ட வேலைக்குப் போதும்.

மண்ணில் ஓட்டிப் பார்த்தும் ட்ரான்ஸ்பர் கேஸில் கோளாறு இருப்பதாகவே தெரிந்தால், முழு கேஸையும் மாற்றுவதற்கு முன் திறந்து எந்தப் பல், எந்த பேரிங் என்று உங்கள் கண்ணால் பார்க்கக் கேளுங்கள். பேரிங்கும் சீலும் மட்டும் மாற்றினால் தீரும் கேஸ்கள் நிறைய. கழற்றிய பழைய சாமானை எண்ணி வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.