சுவத்துல இருக்கறது அந்த கருப்பு பூஞ்சை இல்லம்மா

லெட்டர் ரெண்டு பக்கம் இருக்கு, ஆனா விஷயம் கடைசி வரியிலதான் இருக்கு, 2021ல உங்க பெரியப்பாவுக்கு கருப்பு பூஞ்சை வந்து ஒரு கண்ணையே எடுத்துட்டாங்கன்னு. இப்போ கணியம்பாடி பக்கம் கட்டின புது வீட்டுல பீரோ பின்னாடி சுவர் புள்ளி புள்ளியா கருத்திருக்கு, நாலு வயசு பையன் மூணு வாரமா ராத்திரியில இருமுறான், ரெண்டையும் முடிச்சு போட்டு நீங்க தூங்காம கிடக்கறீங்க.

அது வேற, இது வேறம்மா. பெரியப்பாவுக்கு வந்தது மியூகார்மைகோசிஸ், அந்த பூஞ்சை கருப்பே கிடையாது, ரத்தக்குழாய்க்குள்ள பூந்து அடைச்சு சதை செத்து கருத்து போறதாலதான் அந்த பேரு. அன்னிக்கு அது புடிச்சது பெரும்பாலும் சுகர் எகிறிப்போனவங்களையும் கொரோனாவுக்கு ஸ்டீராய்டு எடுத்தவங்களையும்தான். உங்க சுவத்துல இருக்கறது ஓதம் காத்த எடத்துல எல்லாம் வர்றது, நல்லா இருக்கற புள்ளையோட கண்ணுக்கோ மூளைக்கோ ஏறாது. வீடியோ பாத்துட்டு பூஞ்சை விஷத்துக்கு ரத்த டெஸ்ட் கேட்டிருக்கீங்க, வேணாம், தண்ட செலவு. தரையோரமா வெள்ளையா மாவு மாதிரி உதிருதே, அது பூஞ்சையே இல்ல, உப்பு பூக்குது.

ஆனா அந்த இருமலை நான் சும்மா விட மாட்டேன். பகல்ல ஓடியாடறான், ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு இருமி எழுந்து உக்காந்துக்கறான்னா வீசிங்கா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு, ஓதம் புடிச்ச வீட்டுல இது கூடும்னு உலக சுகாதார நிறுவனம் 2009லயே சொல்லியிருக்கு. இன்னிக்கு ராத்திரி அவன் தூங்கும்போது சட்டையை தூக்கிட்டு வாட்சை பாத்து ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்க, அரை நிமிஷம் எண்ணி ரெண்டால பெருக்காதீங்க. 40ஐ தொட்டாலோ, மூச்சை இழுக்கறப்ப விலா எலும்புக்கு கீழ குழி விழுந்தாலோ விடியட்டும்னு உக்காராதீங்க, 108ஐ கூப்பிடுங்க, இல்லாட்டி அடுக்கம்பாறை ஜிஹெச் பக்கம்தானே, தூக்கிட்டு ஓடுங்க. விசில் மாதிரி கேட்டுட்டிருந்த சத்தம் திடீர்னு நின்னு புள்ள துவண்டு போனா அது இன்னும் மோசம், சரியாயிடுச்சுன்னு நினைச்சு படுக்க வெச்சிடறாங்க, உண்மையில காத்து உள்ள போகவே இல்ல.

மெடிக்கல்ல சொல்லி வாங்கின அந்த சின்ன மாத்திரை ஸ்டீராய்டும்மா. பெரியப்பா கதை தெரிஞ்ச நீங்களே அதை டாக்டரை பாக்காம குடுத்திருக்கீங்களேன்னு எனக்கு கோவம்தான் வருது. வீசிங்குக்கு அது தேவைப்படலாம், ஆனா எத்தனை நாள் எவ்வளவுன்னு புள்ளைய பாத்த டாக்டர் சொல்லணும். நாலு நாள்தான் குடுத்திருக்கீங்க, நிறுத்திடலாம், வாரக்கணக்கா போயிருந்தா இப்படி திடீர்னு நிறுத்த சொல்லியிருக்க மாட்டேன். பூஞ்சைக்குன்னு வாங்கி வெச்ச மாத்திரையை தொடவே தொடாதீங்க. இன்ஹேலர் பம்ப் வெச்சா பழகிடும்னு உங்க மாமியார் பயப்படறாங்களாம், அவங்க கிட்ட சொல்லுங்க, வீசிங்குக்கு மூச்சுக்குழாயை விரிக்க குடுக்கற சால்பியூட்டமால் மருந்து ஒரு பஃப் 100 மைக்ரோகிராம், 2 மில்லிகிராம் மாத்திரை ஒண்ணுல அதை மாதிரி 20 பங்கு மருந்து இருக்கு, பம்புல போறது நேரா நுரையீரலுக்கு போகுது.

வீட்டு விஷயம், மேஸ்திரி வேலை எனக்கு தெரியாது, ஆனா ஐப்பசி கார்த்திகை மழையில பூசின சுவத்துக்கு தை மாசம் கிரகப்பிரவேசம்னு பதினஞ்சே நாள்ல பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சா ஈரம் எங்க போகும், பூசின சுவர் காய சும்மா ஒரு மாசமாவது விடணும், மழைக்காலம்னா அதுக்கும் மேல. அந்த சுவத்துக்கு அந்தாண்ட பாத்ரூம் இருக்குன்னு எழுதியிருக்கீங்க, முதல்ல அங்க பைப் கசியுதான்னு பாக்க சொல்லுங்க, கசிவை நிறுத்தாம ப்ளீச்சிங் போட்டு தேய்ச்சா கருப்பு போகும், ரெண்டு வாரத்துல திரும்ப வரும். பீரோவை ஒரு சாண் தள்ளி வைங்க, ஜன்னலை தொறந்து விடுங்க. மாடியில பட்டி தேய்க்கற வேலை முடியற வரைக்கும் பையனை குடியாத்தத்துல உங்க அம்மா வீட்டுல விடுங்க, அந்த தூசு சுவத்து பூஞ்சையை விட அவனுக்கு ஆகாது.

இந்த வாரமே குழந்தை டாக்டர்கிட்ட காட்டுங்க. போறதுக்கு முன்னாடி ராத்திரி இருமறதை போன்ல வீடியோ எடுத்துக்குங்க, சட்டை இல்லாம நெஞ்சு தெரியற மாதிரி, ஏன்னா பகல்ல நெஞ்சு சுத்தமா இருக்கும், வீடியோ இல்லன்னா வெறும் சளின்னு சொல்லி அனுப்பிடுவாங்க.