நொய்யலுக்கு இன்னும் ஏன் உயிர் வரவில்லை?

கேள்வி: சாயக்கழிவை நொய்யலில் விடக் கூடாது என்று நீதிமன்றம் கண்டிப்புக் காட்டி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. ஆனாலும் கோடையில் ஆறு கறுத்துத்தான் கிடக்கிறது. மழை வந்தால் நுரை பொங்குகிறது. செத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட லண்டன் தேம்ஸ் நதியில் மீன்கள் திரும்பியிருக்கும்போது நமக்கு ஏன் அது கைகூடவில்லை?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: தேம்ஸுக்கு வந்த நோய் வேறு, நொய்யலுக்கு வந்த நோய் வேறு. 1957-இல் லண்டனை ஒட்டிய தேம்ஸ் உயிரற்றது என்று கூறப்பட்டதற்கு முதன்மைக் காரணம் சாக்கடை. நுண்ணுயிரிகள் சாக்கடைக் கழிவைத் தின்று செரிக்கும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோக, மீன்கள் மூச்சுத் திணறிச் செத்தன. சுத்திகரிப்பு நிலையங்கள் செப்பனிடப்பட்டதும் ஆக்சிஜன் மீண்டது. 1974-இல் சால்மன் மீன் ஒன்று அகப்பட்டது. ஆண்டு முழுவதும் நீரோட்டமும் நாளுக்கு இருமுறை கடல் ஓதமும் அந்த நதிக்குத் துணை நின்றன.

நொய்யலில் சேர்ந்த பெருங்கேடு உப்பு. பருத்தித் துணியில் சாயம் நன்றாக ஏறுவதற்கு, ஒரு கிலோ துணிக்குச் சில நூறு கிராம் உப்பைச் சாயத்தொட்டியில் கரைக்கிறார்கள். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளுமே தவிர உப்பை எடுத்துக்கொள்ளாது. அத்தனையும் கழிவுநீரோடு வெளியேறிவிடும். நிறத்தை நீக்கலாம், நாற்றத்தைப் போக்கலாம். ஆனால் உப்பைத் தின்னும் நுண்ணுயிர் எதுவும் இல்லை. சென்னிமலை அருகே பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவுத் தேக்கமாக மாறியதும், அணையைத் திறக்கச் சொல்லிப் போராட வேண்டிய ஆயக்கட்டு விவசாயிகள் ‘திறக்காதீர்கள்’ என்று மன்றாடியதும் இதனால்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்ட பின்னரே, கழிவுநீரை ஆர்.ஓ. சவ்வில் வடிகட்டி, எஞ்சியதைக் காய்ச்சி உப்பைப் பிரித்தெடுக்கும் முறை ஓரளவு ஒழுங்குக்கு வந்தது.

அதற்குள் மண்ணில் இறங்கிவிட்ட உப்பு தானாகப் போய்விடாது. நீர் வற்றிய வயலில் வெள்ளை பூத்து, காலால் தேய்த்தால் மாவாக உதிர்வதை நீங்கள் பார்த்திருக்கலாம். சோடியம் ஏறிய களிமண் நனைந்தால் குழைந்து, காய்ந்தால் இறுகிவிடுவதால், பெய்யும் மழையும் உள்ளே இறங்குவதில்லை. ஜிப்சம் இட்டு, நல்ல நீரைத் தேக்கி, வடிகால் வெட்டி உப்பை வெளியேற்றலாம். ஆனால் அந்த நல்ல நீருக்கு மழை மறைவுப் பகுதியில் இருக்கும் நாம் எங்கே போவது?

இன்று நீங்கள் காணும் கறுப்புக்கும் நுரைக்கும் பெரும்பங்கு காரணம், கோவையிலிருந்து திருப்பூர் வரை கலக்கும் வீட்டுச் சாக்கடையும் அதிலுள்ள சோப்புத்தூளுமே. கள்ளத்தனமாகத் திறந்துவிடப்படும் சாயக்கழிவு அறவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆயினும் தேம்ஸில் பலித்த மருந்து இந்தச் சாக்கடைக்குப் பொருந்தும். என் கருத்தில், சாக்கடை நீரைக் குழாய் வழியே நெடுந்தொலைவு கடத்திச் செல்லாமல், அது உருவாகும் பகுதியிலேயே சுத்தம் செய்து ஆற்றில் விட வேண்டும்; கோடையில் நொய்யலுக்கு வேறு ஓட்டம் இல்லையாதலால், அந்த நீரே அதன் ஓட்டமாக அமையும்.

கேள்வி: ஆற்றைத் தூர்வாரி ஆழப்படுத்தி, இருபுறமும் கான்கிரீட் சுவர் எழுப்பி, சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கிவிட்டால் ஆறு சீராகிவிடாதா?
- ஒரு வாசகர், சூலூர்

பதில்: அப்படிச் செய்தால் ஆறு போய், அந்த இடத்தில் வாய்க்கால் மிஞ்சும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் வெள்ளத்துக்கு அஞ்சி, 166 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து ஓடிய கிஸ்ஸிமி ஆற்றை 1962-க்கும் 1971-க்கும் இடையில் 90 கிலோமீட்டர் நேர்க்கால்வாயாக வெட்டினார்கள். கரையோரச் சதுப்பு நிலங்கள் வறண்டன, பறவைகள் போயின, ஆழமான தேங்குநீரில் ஆக்சிஜன் குன்றியது. பின்னர் 1999 முதல் 2021 வரை அந்தக் கால்வாயில் ஏறக்குறைய 35 கிலோமீட்டரை மண் போட்டு மூடி, பழைய வளைவுகளில் நீரைத் திருப்பினார்கள். அடியில் படிந்திருந்த சேறு கரைந்து மணல் வெளிப்பட்டது. நாரையினங்களும் வாத்துகளும் திரும்பின. வெட்டியதைக் காட்டிலும் மூடியதற்குப் பன்மடங்கு செலவாயிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நொய்யலில் சதுப்பு நிலங்களின் வேலையை நம் முன்னோர் குளங்களிடம் விட்டிருந்தார்கள். சித்திரைச்சாவடி போன்ற அணைக்கட்டுகளில் மறித்த வெள்ளம் வாய்க்கால் வழியே குளம் குளமாக நிரம்பி, உங்கள் சூலூர்க் குளம் வரைக்கும் வந்தது. ஆற்றில் செலவிட நினைக்கும் பணத்தில் ஒரு பகுதியை அந்த வாய்க்கால்களின் ஆக்கிரமிப்பை அகற்றவும் தலைமதகுகளைச் செப்பனிடவும் செலவிடலாம். தூர்வாருவதாயின், குப்பையும் சாக்கடைச் சேறும் குவிந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மணலில் கை வைத்தால் கிணறுகளின் ஊற்று குறையும்.

சீமைக்கருவேலத்தை அகற்றுவதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் பொக்லைனை இறக்கி ஒரே மூச்சில் பிடுங்கினால், வேர்ப்பிடிப்பை இழந்த கரை அடுத்த வெள்ளத்தில் சரிந்துவிடும். நூறடி நூறடியாக அகற்றி, அகற்றிய இடத்தில் நீர்மட்டத்தை ஒட்டி நாணலும் நொச்சியும், சற்று மேலே புங்கனும் மருதும் நட்டு, அவை பிடித்த பிறகு அடுத்த நூறடிக்குப் போவதே நல்லது. ஐப்பசி மழைக்கு முன்பாக நட்டுவிட்டால் தண்ணீர் ஊற்றும் வேலையும் மிச்சம்.