மகள் எழுதிய 6.27 தவறா?

கேள்வி: 6.2746 என்ற எண்ணை இரண்டு தசம இடத் திருத்தமாக எழுதச் சொன்னார்கள். என் மகள் 6.27 என்று எழுதினாள். விடைக்குறிப்பில் 6.28 என்று இருக்கிறதாம், மதிப்பெண் போய்விட்டது. எது சரி?

பதில்: உங்கள் மகள் எழுதியதே சரி. தவறு விடைக்குறிப்பில்தான்.

இரண்டு தசம இடம் வேண்டுமென்றால் புள்ளிக்குப் பின் வரும் மூன்றாவது இலக்கத்தை மட்டும் பாருங்கள். அது 5 அல்லது அதற்கு மேல் என்றால் இரண்டாவது இலக்கத்தோடு ஒன்றைக் கூட்டுங்கள். இல்லையேல் அப்படியே விடுங்கள். இங்கே மூன்றாவது இலக்கம் 4. அவ்வளவுதான், அதற்குப் பின்னால் என்ன இருந்தாலும் நமக்குக் கவலையில்லை.

அப்படியானால் 6.28 எங்கிருந்து முளைத்தது? யாரோ வாலிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். கடைசி 6-ஐப் பார்த்து 4-ஐ 5 ஆக்கினால் 6.275, அந்தப் பொய்யான 5-ஐப் பார்த்து 7-ஐ 8 ஆக்கினால் 6.28. ஒரே எண்ணை இரண்டு முறை முழுதாக்கிய குற்றம் இது. 6.2746-க்கும் 6.27-க்கும் இடைவெளி 0.0046, 6.28-க்கு 0.0054. எது பக்கத்தில் இருக்கிறது?

இந்த வால்வழியைச் சுலப வழி என்று அச்சடித்து விற்பவர்கள் மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. ஒரு வழிகாட்டி நூலின் பிழையை அடுத்த நூல் அப்படியே நகலெடுக்கிறது. திருத்துபவரோ விடைக்குறிப்போடு ஒப்பிட்டு அடித்துவிட்டுப் போகிறார். கணக்குப் பாடத்தில் கணக்குப் போட்டுப் பார்க்க மட்டும் யாருக்கும் நேரமில்லை!

இன்னோர் இடத்திலும் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள்: 9. உதாரணமாக 3.997. மூன்றாவது இலக்கம் 7, ஆகவே 9-உடன் ஒன்று கூட்ட வேண்டும். 9 பத்தாகி, பூச்சியத்தை வைத்துவிட்டு ஒன்றை இடப்பக்கம் தள்ளுகிறது. அங்கேயும் 9, மறுபடியும் அதே கதை. கடைசியில் 3 நான்காகிறது. விடை 4.00. வெறும் 4 அல்ல. வெறும் 4 என்றால் உண்மையான எண் 3.5 முதல் 4.5 வரை எங்கும் இருக்கலாம், 4.00 என்றால் 3.995-க்கும் 4.005-க்கும் நடுவில். எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தோம் என்பதை அந்த இரண்டு பூச்சியங்கள்தான் சொல்கின்றன. கால்குலேட்டர்கள் பெரும்பாலும் அவற்றை விழுங்கிவிடும். கால்குலேட்டரை நம்பும்படி மகளிடம் சொல்லாதீர்கள்.

நீளமான கணக்கில் முழுதாக்குவதைக் கடைசி வரியில் வைத்துக்கொள்ளட்டும். 1.44-ஐ மூன்று முறை கூட்டினால் 4.32, அதாவது ஒரு தசம இடத் திருத்தமாக 4.3. முதலிலேயே 1.4 ஆக்கிக் கூட்டினால் 4.2.

மதிப்பெண்ணைக் கேட்கப் போகும்போது விதியைச் சொல்லி வாதாட வேண்டாம். 0.0046, 0.0054 என்று வந்த அந்த இரண்டு கழித்தல்களையும் ஒரு தாளில் போட்டு ஆசிரியர் முன் வையுங்கள்.