காய்ச்சல் விட்டது, கிருமி விடவில்லை

கேள்வி: கானாடுகாத்தான் பக்கத்தில் கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். சினை மாடு ஒன்று 7ஆம் மாதத்தில் கன்று வீசியது. இளங்கொடி விழாததால் வெறுங்கையால் எடுத்துப் போட்டேன். சில வாரங்களில் மாலைக் காய்ச்சல், வியர்வை, இடுப்புவலி. புருசெல்லா நோய் என்று கண்டுபிடித்து, டாக்சிசைக்ளின், ரிஃபாம்பிசின் இரண்டும் 6 வாரம் கொடுத்திருக்கிறார்கள். 2 வாரத்தில் காய்ச்சல் போய்விட்டது, மாத்திரைதான் குமட்டுகிறது. கிருமி இருக்கும் இடத்தில் மட்டும் திறந்துகொள்ளும் புது மருந்து வருகிறது என்று மருமகன் சொல்கிறார், மாத்திரையை நிறுத்திவிட்டு அதற்குக் காத்திருக்கலாமா? மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்.

பதில்: நிறுத்தாதீர்கள் ஐயா. 6 வாரமும் சாப்பிட்டே ஆக வேண்டும்.

கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய வெள்ளணுவுக்குள்ளேயே புருசெல்லா குடியேறிவிடுகிறது. உங்கள் ஊர்ப் பெரிய வீடுகளில் முகப்பில் நின்று கூப்பிட்டால் இரண்டாம் கட்டில் இருப்பவருக்குக் கேட்காது. அப்படித்தான் பல மருந்துகள் இரத்தத்தில் நிறைந்திருந்தும் இந்தக் கிருமியை எட்டுவதில்லை. உள்ளே போகக்கூடிய இந்த இரண்டும்கூட மெல்லத்தான் வெல்லும். பாதியில் விட்டால் காய்ச்சல் திரும்பும், முதுகெலும்பையும் பிடிக்கலாம். இடுப்புவலி இன்னும் இருந்தால் இந்த வாரமே மருத்துவரிடம் சொல்லுங்கள். எலும்பில் இறங்கியிருந்தால் 6 வாரம் போதாது.

மருமகன் சொன்னது பொய்யில்லை. வெள்ளணுவுக்குள் கிருமி தங்கும் அறை அமிலத்தன்மை உள்ளது. இரத்தத்தில் கட்டுக்குலையாமல் இருந்து, அமிலம் பட்டதும் நெகிழ்ந்து மருந்தை விடும் நுண்துகள்களை ஆய்வாளர்கள் செய்து பார்க்கிறார்கள். வெள்ளணுவே அந்தத் துகளையும் விழுங்கும் என்பதால் மருந்து நேரே கிருமியின் அறைக்குப் போகும். எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் வழி இது. ஆனால் ஆய்வகத்திலும் எலிகளிலும் பார்க்கும் கட்டத்தில் உள்ள ஒன்றுக்காக நீங்கள் காத்திருக்க முடியாது.

டாக்சிசைக்ளினை உணவுக்குப் பின் ஒரு குவளை தண்ணீருடன் விழுங்குங்கள். பாலுடன் வேண்டாம், உடனே படுக்கவும் வேண்டாம். குமட்டல் பெரும்பாலும் தணியும். ரிஃபாம்பிசின் வெறும் வயிற்றுக்கு உரியது. சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் பயப்படாதீர்கள். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவரானால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ரிஃபாம்பிசின் அவற்றின் வேகத்தைக் குறைக்கும்.

மகளை நினைத்துத்தான் எனக்குக் கவலை. இந்தக் கிருமியால் கர்ப்பிணிக்குக் கருச்சிதைவு நேரலாம். கொட்டில் பக்கமே அவர் போக வேண்டாம். பால் நன்றாகப் பொங்கிக் காய்ந்த பிறகே வீட்டில் யாரும் குடிக்க வேண்டும். மால்டா தீவில் டேவிட் புரூஸ் என்ற இராணுவ மருத்துவர் இந்தக் கிருமியை 1887இல் கண்டார். ஆட்டுப்பால் வழியாகப் பரவுகிறது என்று தெரிய 1905 ஆனது. மறு ஆண்டு அங்கிருந்த படைவீரர்களுக்கு அந்தப் பாலை நிறுத்தியதும் நோய் சட்டென்று குறைந்தது. மகளுக்குக் காய்ச்சல் கண்டால் மாடு கன்று வீசியதைச் சொல்லியே காட்டுங்கள். உங்கள் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்.

இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் வழக்கம் நம் பக்கம் உண்டு. கன்று வீசிய மாட்டின் கொடியை அப்படிக் கட்டாதீர்கள். நாய் இழுத்துப் போய் ஊரெல்லாம் பரப்பிவிடும். கையுறை போட்டு எடுத்து, ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். கால்நடை மருத்துவரை அழைத்து எல்லா மாடுகளுக்கும் இரத்தம் பாருங்கள். 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுக்கு ஒருமுறை போடும் தடுப்பூசி இருக்கிறது. அதையும் அப்போதே கேளுங்கள். மஞ்சுவிரட்டுக் காளை வளர்த்தால் அதற்கு இந்த ஊசி கூடாது.