கேள்வி பதில்: முதல் யுகுலேலேயை எந்தக் கடையில் வாங்குவது?

கேள்வி: நான் அம்பாசமுத்திரத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஆறாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி யுகுலேலே வேண்டும் என்று கேட்கிறாள். திருநெல்வேலிக்குச் சென்றிருந்தபோது ஒரு கடையில் விசாரித்தேன். கடைக்காரர் மேல்தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்கி, “சின்ன கிடார்தாம்மா, ரெண்டும் ஒண்ணுதான்” என்றார். வாசித்துக் காட்டச் சொன்னதற்கு, வீட்டுக்குப் போய்ச் சுருதி சேர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். நான் வாங்காமல் வந்துவிட்டேன். இணையத்தில் பார்த்தால் ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து பத்தாயிரத்துக்கு மேல்வரை விலை போட்டிருக்கிறார்கள். எனக்குக் கொஞ்சம் வாய்ப்பாட்டு தெரியும். இந்த வாத்தியம் தெரியாது. எந்தக் கடையை நம்பி வாங்கலாம்?

பதில்: வாங்காமல் திரும்பியது நல்லதாயிற்று. சுருதி சேர்த்துக் கொடுக்காத கடையில் தந்தி வாத்தியம் வாங்கக் கூடாது என்பதே உங்கள் கேள்விக்கு நாங்கள் சொல்லக்கூடிய முதன்மையான பதில். அந்தக் கடை எத்தனை பெரியது, எத்தனை ஆண்டுப் பழமையானது என்பதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

இதற்குக் காரணம் உண்டு. குறைந்த விலை யுகுலேலேக்கள் தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்யப்பட்டு, இறுதிச் சீரமைப்பு அரைகுறையாக இருக்கும் நிலையிலேயே பெட்டியில் ஏறுகின்றன. கழுத்தின் தலைப்பக்கத்தில் தந்திகள் பதிந்து செல்லும் சிறு கட்டையில் காடிகளை ஆழம் போதாமல் வெட்டியிருந்தால், குழந்தை முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கம்பிகளில் முதலாவது) விரலை வைக்கும்போது தந்தி அளவுக்கு மீறி இழுபட்டு, சுரம் சற்றே கூடி ஒலிக்கும்; விரல் நுனியும் வலிக்கும். வலியும் அபசுரமும் சேர்ந்தால், தனக்குத்தான் வாசிக்க வரவில்லை என்று நினைத்துக்கொண்டு குழந்தை ஒரு மாதத்தில் வாத்தியத்தை மூலையில் சாத்திவிடும். விவரம் தெரிந்த கடைக்காரர் மெல்லிய அரத்தால் அந்தக் காடியைச் சிறிது நேரத்தில் சரிசெய்துவிடுவார். இணையத்தில் கிடைப்பதைவிடக் கடையில் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும், அது இந்த வேலைக்கான கூலி என்று எண்ணிக்கொள்ளலாம். அந்த வேலையைச் செய்யாத கடைக்கு அந்தக் கூடுதல் தொகையைக் கொடுக்கவேண்டிய அவசியம் இல்லை.

அடுத்து, ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்ற பேச்சு. 1879இல் போர்ச்சுகலின் மதேரா தீவிலிருந்து ஹவாய்க்குக் குடியேறியவர்கள் கொண்டுசென்ற ஒரு சிறு தந்தி வாத்தியத்திலிருந்து, ஹொனலுலுவில் மரவேலைக்காரர்கள் கையில் உருவானது யுகுலேலே. கிதாருக்கு ஆறு தந்திகள் என்றால் இதற்கு நான்கு. அவையும் நைலான் போன்ற மென்மையான தந்திகள். இதில் எஃகுத் தந்தியை ஏற்றினால், அதன் இழுவிசையைத் தாங்காமல் பிரிட்ஜ் (உடலின் மேல் தந்திகளைக் கட்டியிருக்கும் கட்டை) பெயர்ந்து வந்துவிடக்கூடும். ஆகையால் கடையில் நீங்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “தந்தி அறுந்தால் மாற்றுத் தந்தி இங்கே கிடைக்குமா?” யுகுலேலேவுக்கென்று உள்ள தந்திச் செட்டை எடுத்துக் காட்டினால் அவருக்கு வாத்தியம் தெரியும். கிதார்க் கம்பியே போதும் என்றால் மரியாதையாக விடைபெற்றுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு வாய்ப்பாட்டு தெரியும் என்பது பெரிய வசதி. வழக்கமான சுருதியில் இதன் நான்கு தந்திகளும் ஜி, சி, இ, ஏ என்று சேர்க்கப்படும். ஒரு கட்டைச் சுருதியில் சி என்பது ஷட்ஜம். அப்படியானால் நான்கும் முறையே ப, ஸ, க, த ஆகின்றன. (சி தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில் ரிஷபத்தையும் சேர்த்துக்கொண்டால் மோகன ராகம் முழுதாகக் கிடைத்துவிடும்; பேத்திக்கு முதல் பாடமாக இதையே வைத்துக்கொள்ளலாம்.) மேலே இருக்கும் ஜி தந்தி மந்தர பஞ்சமம் அல்ல என்பதைக் கவனிக்கவேண்டும், பொதுவாக அது ஷட்ஜத்துக்கு மேலுள்ள பஞ்சமமாகவே சேர்க்கப்படும். கைப்பேசியில் சுருதிப்பெட்டிச் செயலியை ஒரு கட்டையில் வைத்துக்கொண்டு, கடைக்காரர் சுருதி சேர்ப்பதைக் காதால் சோதித்துக்கொண்டே இருக்கலாம்.

சேர்த்து முடித்ததும் ஒவ்வொரு தந்தியையும் முதலில் திறந்தபடி மீட்டுங்கள். பிறகு அதே தந்தியைப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். அதே சுரம் மேல் ஸ்தாயியில் சுத்தமாக வரவேண்டும். கூடியோ குறைந்தோ வந்தால் அந்த வாத்தியம் கழுத்தில் மேலே போகப் போக அபசுரமாகத்தான் பேசும். அதே இடத்தில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளி மூன்று மில்லிமீட்டரை, அதாவது ஏறக்குறைய இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கிவைத்த கனத்தை, தாண்டக் கூடாது. கழுத்தின் இரு ஓரங்களிலும் பெருவிரலை மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். ஃப்ரெட்டின் முனைகள் முள்ளாகக் குத்தினால் வேறொன்றை எடுத்துத் தரச் சொல்லுங்கள். இத்தனைக்கும் பொறுமையாக நிற்கும் கடைக்காரர், நாளைக்குக் குறை என்று போனாலும் முகம் சுளிக்கமாட்டார் என்று பெரும்பாலும் நம்பலாம். வாத்தியங்களை வெயில் படும் கண்ணாடிப் பெட்டியில் தொங்கவிட்டிருக்கும் கடையை நாங்கள் நம்பமாட்டோம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பசை இளகிவிடும்.

அப்படிப்பட்ட கடையைக் கண்டுபிடிக்க உங்கள் வட்டாரத்தில் எளிய வழி இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் தேவாலயப் பாடகர் குழு இல்லாத ஊர் குறைவு. அந்தக் குழுக்களில் கிதார் வாசிக்கும் இளைஞர்கள் இருப்பார்கள். அவர்களிடம் ‘நல்ல கடை எது’ என்று கேட்காதீர்கள். தெரிந்தவர் கடையைச் சொல்லிவிடுவார்கள். ‘தந்தி மாற்றவும் பழுது பார்க்கவும் எங்கே கொடுக்கிறீர்கள்’ என்று கேளுங்கள். இரண்டு மூன்று பேர் ஒரே கடையைச் சொன்னால், அது பாளையங்கோட்டையில் ஒரு சந்துக்குள் இருந்தாலும் அங்கேயே போங்கள். யுகுலேலே கையிருப்பில் இல்லாவிட்டாலும் வரவழைத்துச் சீர்செய்து தருவார்கள். சென்னைக்குப் போகும் வாய்ப்பிருந்தால், அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கல் இருக்கிறது; 1842இல் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. போகுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது.

அளவைப் பொறுத்தவரை சொப்ரானோ 21 அங்குலம், கான்சர்ட் 23 அங்குலம். பதினொரு வயதுக் குழந்தைக்குக் கான்சர்ட் பொருந்தும். வளர்ந்த பிறகும் உதவும். பாரிடோன் வகையின் சுருதியே வேறு என்பதால் அது இப்போது வேண்டாம். மரத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். ஒட்டுப்பலகையில் செய்ததே முதல் வாத்தியத்துக்குப் போதும், நம் பருவநிலை மாற்றத்தையும் அது நன்றாகவே தாங்கும்.

கேள்வி: பணகுடியிலிருந்து எழுதுகிறேன். இணையத்தில் வாங்கிய யுகுலேலே வந்து ஒரு வாரம் ஆகியும் சுருதி நிற்கவில்லை. பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்பப் பெறமுடியாது என்று விற்றவர் சொல்கிறார். இனி வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் முதலில் அது பழுதுதானா என்று பாருங்கள். புதிய நைலான் தந்திகள் சில நாட்கள், சில சமயம் இரண்டு வாரம்கூட, நீண்டுகொண்டே இருக்கும்; தினமும் இரண்டு மூன்று முறை சுருதி சேர்த்து வந்தால் படிப்படியாக நிலைபெறும். மீட்டாமல் வைத்திருக்கும்போதே ட்யூனிங் கீ (தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகாணி) தானாகப் பின்வாங்குகிறது என்றால், அதன் நுனியில் சிறு திருகு இருந்தால் அதை லேசாக முடுக்கிப் பாருங்கள். பிரிட்ஜுக்கு அடியில் தாள் நுழையும் அளவுக்கு விரிசல் இருந்தாலோ, கழுத்து வளைந்திருந்தாலோ, மேலே சொன்ன பன்னிரண்டாம் ஃப்ரெட் சோதனையில் தேறாவிட்டாலோ, அது உண்மையான குறைபாடு.

குறைபாடுள்ள பொருளையும், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையும் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. பெட்டியைப் பிரிக்காமல் குறையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அவரிடமே எழுத்தில் கேளுங்கள். பிறகு, விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார் அனுப்புங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காணவேண்டும். அங்கும் பயனில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்குக் கட்டணமும் இல்லை.

பில், பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் இறக்குமதியாளர் பெயரும் விலையும், குறையைக் காட்டும் படங்கள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். தீர்வு வரும்வரை வாத்தியத்தை வேறு எவரிடமும் பழுதுபார்க்கக் கொடுக்காதீர்கள்; பிறர் கை பட்டுவிட்டால், குறை யாரால் வந்தது என்று விற்றவர் வாதாட இடம் கொடுத்ததாகிவிடும்.